இழுப்பதும் தள்ளுவதும்

மதிப்புப் போட வரச் சொன்னார்கள்.
மதுரையில் பஸ் ஏறி, திருப்பத்தூர் தாண்டித் தூங்கி
கோனாபட்டில் இறங்கினேன். மணி பத்தரை.

முகப்பில் நுழைந்து வளவைத் தாண்டி
இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து
பின்வாசலில் வெளியே வந்தால்
வேறு தெரு.
அங்கே ஓட்டுக் கொட்டகைக்குள்
ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கார்.

முன்னால் நின்றது மோரிஸ் மைனர், ஐம்பத்து மூன்று.
பச்சை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது.
இரண்டு துண்டுக் கண்ணாடி, நடுவில் வகிடு.
திரும்பும்போது தோளிலிருந்து
ஒரு சின்னக் கை நீளும்,
வகுப்பில் விடை தெரிந்த பையன் மாதிரி.

பின்னால் சித்ரோயன், ஐம்பத்திரண்டு.
சைகோனிலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பு.
ஸ்டீயரிங் இடப்பக்கம்.
கியர், டாஷ்போர்டிலிருந்து நீளும் குடைப்பிடி.
முன்கதவு பின்னோக்கித் திறக்கும்;
இறங்குகிறவர் சபைக்கு வருவதுபோல் இறங்கலாம்.

'எது உசத்தி?' என்றார் சாத்தப்பன்.
அண்ணன் வழி. சென்னையில் ஆடிட்டர்.
கப்பலில் வந்தது அவர் அப்பா வாங்கியது.
அதற்குப் பதிலாகத்தான்
தம்பி மோரிஸ் வாங்கினாராம், அடுத்த வருஷமே.
தம்பி மகள் சிகப்பி, ஈரோட்டில் பல் மருத்துவர்,
பேசவில்லை. மோரிஸ் பம்பரைத் தட்டிப் பார்த்தாள்,
கடைவாயைப் பார்க்கிற முகத்தோடு.

உசத்தி என்று படிவத்தில் கட்டம் இல்லை.
எழுதினேன்:
சித்ரோயன் முன்சக்கரத்தால் இழுத்துப் போகும்.
மோரிஸ் பின்சக்கரத்தால் தள்ளிப் போகும்.
இரண்டுக்கும் முன்பக்கம் முறுக்குக் கம்பிதான் வில்.
ஒற்றுமை அந்தக் கம்பியோடு சரி.
மோரிஸ் ஓடும். சித்ரோயன் ஓடாது.
ஓடாததற்கு விலை ஒன்பது மடங்கு.

கடைசி வரியைப் படித்ததும்
இருவருக்கும் சித்ரோயன்தான் வேண்டும் என்றாயிற்று.

வெயிலில் நிறுத்தி நம்பர் பார்க்க வேண்டும் என்றேன்.
புது பேட்டரி, அரை கேன் பெட்ரோல்.
ஒன்பதாவது இழுப்பில் மோரிஸ் தும்மிப் பிழைத்தது.
கிணற்றுக் கயிற்றை எடுத்து
அதன் பின்னால் சித்ரோயனைக் கட்டினோம்.

இழுத்துப் போகப் பிறந்ததை
தள்ளிப் போகப் பிறந்தது
இழுத்துக்கொண்டு போயிற்று,
தன்னைவிட முந்நூறு கிலோ கனத்ததை,
கிளட்ச் கருகும் வாசனையில்,
ஒரு முழம், இன்னொரு முழம்.

மோரிஸில் சிகப்பி. சித்ரோயனில் சாத்தப்பன்.
பழக்கத்தில் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்து
ஸ்டீயரிங்கைத் தேடி
இடப்பக்கம் நகர்ந்தார்.

தெரு ஊரணிப் பக்கம் சரிகிறது.
மழைத்தண்ணீருக்காக யாரோ கணக்குப் போட்டு வைத்த சரிவு.
திருப்பத்தில் சின்னக் கை நீண்டது.
கயிறு தொய்ந்தது.
பிரேக் மிதி தரைவரை போயிற்று என்று
சாத்தப்பன் பிறகு சொன்னார்.
அப்போது சொன்னதைப் படிவத்தில் எழுத முடியாது.

அறுபது வருஷம் நகராத வண்டி
இரண்டு மீசை முத்திரையோடு
யாருடைய உதவியும் இல்லாமல்
ஊரணியை நோக்கி வந்தது.
சிகப்பி கண்ணாடியில் பார்த்தாள்.
ஒதுங்க இடம் இருந்தது.
ஒதுங்கவில்லை. பிரேக்கை அழுத்தி
வாங்கிக்கொண்டாள்.

டங்.

அலுமினிய வாளி விழுந்த அளவு சத்தம்.
படித்துறைக்கு எட்டடி முன்னால்
இரண்டும் நின்றன.
ஓர் ஆடு மட்டும் எழுந்து இடம் மாறியது.

சாத்தப்பன் கதவைத் திறந்தார்.
சபைக்கு வருவதுபோல் இறங்க முடியவில்லை, கால் நடுங்கியது.
'பல்லு போச்சா?' என்றார், கிரில்லைக் காட்டி.
'ரெண்டு ஆடுது. பிடுங்க வேண்டாம்' என்றாள்.
இருவரும் முதல்முறையாக, காலையிலிருந்து
முதல்முறையாக, சிரித்தார்கள்.

நான் பேனாவைத் திறந்தேன்.
மோரிஸ்: பின்பக்க நசுங்கல், ஒன்று.
சித்ரோயன்: முன்பக்க நசுங்கல், ஒன்று.
நாடா வைத்து அளந்தேன்:
இரண்டும் நாலரை அங்குலம்.

விலைக் கட்டத்தை அடித்துவிட்டு
டீ வருகிறதா என்று பார்த்தேன்.